கூமுட்டை போடும் வீட்டுப் பாம்பு: வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், இரண்டாவது மாடி. அதில் ஆறு வருடமாக ஒரு கார்ன் ஸ்நேக், விஷமில்லாத வெளிநாட்டுப் பாம்பு, குடியிருக்கிறது. பெயர் சோழன். கார்ன் என்றால் சோளம். எங்கள் பக்கம் ழகரத்துக்கு அவ்வளவு மரியாதை கிடையாது என்பதால் இரண்டும் ஒரே பெயர்தான். நான்காவது வருடம் மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை பார்த்தால், சோழன் 14 முட்டை போட்டு வைத்திருந்தான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாடா, ராஜா பேரு வச்சே, புள்ளத்தாச்சியால்ல இருந்துக்குது” என்றார்.

அன்றிலிருந்து பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, மாதவரம் என்று பாம்பு வளர்க்கிறவர்கள் ஒருவர் சொல்லி ஒருவர் என்னைக் கூப்பிடுகிறார்கள். எல்லோருக்கும் திரும்பத் திரும்ப அதையே சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, வளர்க்கிறவன். கீழே உள்ளவை பெரும்பாலும் கார்ன் ஸ்நேக்கை வைத்துச் சொல்வது. பால் பைத்தானுக்கு (குடிக்கிற பால் இல்லை, பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் வெளிநாட்டு மலைப்பாம்பு) மாறும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

ஆண் பாம்பே வீட்டில் இல்லை. முட்டை எப்படி வந்தது?

நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக வருகிற முட்டை எப்படி வருகிறதோ அப்படித்தான். அந்தக் கோழிகள் சேவலைக் கண்ணால் பார்த்திருக்காது. பருவத்துக்கு வந்த பெண் பாம்பு நன்றாகச் சாப்பிட்டு, உடம்பில் கொழுப்பும் சேர்ந்து, பருவநிலையும் ஒத்து வந்தால், கரு சேர்ந்தாலும் சேராவிட்டாலும் முட்டையை உருவாக்கிவிடும். நம்மூரில் மார்கழி, தை இரவுகளில் 20, 21 டிகிரி வரை இறங்கி, மாசியில் சூடு ஏறும். வருடம் பூராவும் ஒரே சூட்டில் வைத்திருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம், பாம்புக்கு அந்த மாற்றம் தெரிந்துவிடும். கார்ன் ஸ்நேக்கிடம் இதை அதிகம் பார்க்கலாம். பால் பைத்தானில் குறைவு, ஆனாலும் நடக்கும்.

வட சென்னையில் புறா வளர்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு பொட்டைப் புறாவை ஒரே கூண்டில் விட்டால் இரண்டும் ஜோடி சேர்ந்து, கூட்டில் இரண்டுக்குப் பதில் நான்கு முட்டை கிடக்கும். எல்லாம் கூமுட்டை, அதாவது கரு சேராத முட்டை. திட்டுவதற்கு எடுத்தெடுத்தே அந்தச் சொல்லின் நிஜ அர்த்தம் தேய்ந்துபோய்விட்டது.

ஆண் என்று சொல்லித்தானே விற்றார்கள்?

என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். பென்சில் தடிமனில் இருக்கும் குட்டியைக் கையில் எடுத்து, வாலைத் தடவிப் பார்த்து, “மேல் சார், கேரண்டி” என்றார் விற்றவர். குட்டியில் வாலை வைத்துச் சொல்வது பாதிக்குப் பாதி ஊகம். வளர்ந்த பிறகு ஆணின் வால் அடிப்பகுதி தடித்து, நீளமாக, மெதுவாகச் சிறுக்கும். பெண்ணுக்கு கழிவுத்துளையைத் தாண்டியதும் சட்டென்று ஒல்லியாகிவிடும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பழகிய டாக்டர் மெல்லிய கம்பி விட்டு ஆழம் பார்ப்பார். யூடியூப் பார்த்து வீட்டில் அதைச் செய்ய வேண்டாம். உள்ளே கிழிந்துவிடும்.

கூமுட்டைதான் என்று எப்படி உறுதி செய்வது?

கரு உள்ள முட்டை வெள்ளையாக, புடைப்பாக, தோல் போன்ற ஓட்டோடு இருக்கும். கூமுட்டை பெரும்பாலும் மஞ்சள் பாய்ந்து, சின்னதாக, மெழுகு உருட்டி வைத்தது போலக் கிடக்கும். சிலது பொரி விளங்காய் உருண்டை மாதிரி கெட்டியாகவே வரும். ஆனால் முதல் நாள் பார்வைக்கு எல்லாக் கூமுட்டையும் இப்படி அடையாளம் காட்டாது. என் 14-இல் ஐந்தாறு முட்டை பளிச்சென்று வெள்ளையாகத்தான் இருந்தது.

அப்போது எனக்கு உதவியவர் எதிர் மொட்டை மாடிப் புறாக்காரர். பந்தயப் புறா வளர்க்கிறவர், முட்டைக்கு டார்ச் அடித்துப் பார்த்தே வாழ்க்கையை ஓட்டுகிறவர். விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை மெதுவாக வைத்தார். “நரம்பு ஓடணும்பா, செவப்பா, மரத்து வேர் மாதிரி” என்றார். ஓடவில்லை. முட்டை முழுக்க ஒரே மஞ்சள் வெளிச்சம், ஜீரோ வாட் பல்ப் மாதிரி. ஒரு வாரம் கழித்து மறுபடி அடித்துப் பார்த்தோம். அதே மஞ்சள், அடியில் கொஞ்சம் பச்சைப் பூசணம்.

பாம்பை வளர்ந்த பிறகு வாங்கியிருந்தால் மட்டும் இந்தச் சோதனையை அலட்சியம் செய்யாதீர்கள். பெண் பாம்பு ஆணின் விந்தணுவை உடம்புக்குள் மாதக்கணக்கில், சில நேரம் வருடம் தாண்டியும் சேமித்து வைக்கும். உங்களிடம் வருவதற்கு முன் எங்கே இருந்தது, யாரோடு இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. சந்தேகமாக இருந்தால் முட்டையை உருட்டாமல், எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் மேலேயே இருக்கும்படி எடுங்கள். பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. பறவை முட்டையைத் திருப்பித் திருப்பி விடுவார்கள். பாம்பு முட்டையில் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், கவிழ்த்தால் செத்துப்போகும்.

ஆண் இல்லாமல் குட்டி பொரிக்கவே பொரிக்காதா?

அபூர்வமாகப் பொரிக்கும். 2020-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில், 62 வயதாவது இருக்கும் என்று கணக்கிடப்பட்ட ஒரு பால் பைத்தான் ஏழு முட்டை போட்டது. அது ஆண் பாம்பின் பக்கத்தில் இருந்தே 15 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. லூயிவில் மிருகக்காட்சி சாலையில் ஆணைச் சந்திக்காத ஒரு ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்புக்கு 2012-இல் ஆறு பெண் குட்டிகள் பிறந்தன.

அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் மொட்டை மாடித் தொட்டியில் துளசிக்கு மண் மாற்றும்போது கருப்பாக, மண்புழு போல நெளிந்து ஓடுகிற ஒன்று வருமே, புழுப்பாம்பு, அதன் இனத்தில் ஆணே கிடையாது. எல்லாம் பெண், எல்லாம் தானாகவே பெருகுகிறது. பூந்தொட்டியோடு கப்பலேறி உலகம் பூராவும் போய்விட்டது. அதைக் கண்டால் பயந்து அடிக்காதீர்கள். எறும்பு முட்டையும் கரையான் முட்டையும்தான் அதன் சாப்பாடு.

ஆனால் உங்கள் கார்ன் ஸ்நேக்கிடம் இந்த அதிசயத்தை எதிர்பார்த்து இன்குபேட்டர் வாங்காதீர்கள். டார்ச்சில் நரம்பு தெரிந்தால் அப்போது யோசிக்கலாம்.

முட்டை வரப்போகிறது என்று முன்னாலேயே தெரியுமா?

கவனித்தால் தெரியும். உடம்பின் பின் மூன்றில் ஒரு பங்கு தடித்து, பக்கவாட்டில் மணி கோத்த மாதிரி மேடுகள் தெரியும். சாப்பிட மறுக்கும். ராத்திரி பூராவும் சுற்றிக்கொண்டே இருக்கும், மூக்கால் தொட்டி மூடியை முட்டும். பால் பைத்தான் சில நேரம் வயிற்றை மேலே காட்டிப் படுத்துக் கிடக்கும். பார்த்தால் செத்துவிட்டதோ என்று தூக்கிவாரிப்போடும்.

நம்பகமான அடையாளம் சட்டை உரிப்பதுதான். முட்டையிடுவதற்கு முன் ஒரு முறை சட்டை உரிக்கும். கார்ன் ஸ்நேக்கில் அதிலிருந்து ஏறக்குறைய 10 நாளில், ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே, முட்டை வந்துவிடும். பால் பைத்தானுக்கு அது ஒரு மாதம் போல ஆகும். உரித்த தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது. எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில், அமாவாசைக்குப் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் “சோழன் சட்டை” என்று இருக்கும். வருகிறவர்கள் துணிக்கடை சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த நாட்களில் மூடிக்கு இரண்டு பக்கமும் கிளிப் போடுங்கள். இடம் தேடுகிற பெண் பாம்பு சுவரில் இருக்கிற சின்ன இடுக்கையும் விடாது. ஒண்டுக் குடித்தனத்தில் பாம்பு பக்கத்து வீட்டுக்குப் போனால் அப்புறம் உங்கள் பேச்சைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

முட்டையிட என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? கூமுட்டைக்கும் அது தேவையா?

தேவை. முட்டைக்காக இல்லை, பாம்புக்காக. சரியான இடம் கிடைக்காவிட்டால் அது முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று, பாம்பு சுருண்டு படுத்தால் கொஞ்சம் இடம் மிஞ்சும் அளவுக்கு. பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு, விளிம்பைச் சூடான கரண்டியால் வழவழப்பாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் செதில் கிழியும். உள்ளே பாதி உயரத்துக்கு கோகோ பீட், அதாவது தேங்காய் நார்த் தூள். எந்த நர்சரியிலும் கட்டியாகக் கிடைக்கும். உரம் கலக்காததாகக் கேட்டு வாங்கி, ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, ஒட்டப் பிழியுங்கள். கையில் அள்ளி இறுக்கினால் பிட்டு மாதிரி சேர்ந்து நிற்க வேண்டும், சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது. டப்பாவைச் சூடும் இல்லாத குளிர்ச்சியும் இல்லாத நடுப்பகுதியில் வையுங்கள்.

தண்ணீர்க் கிண்ணத்தைச் சின்னதாக மாற்றுங்கள். ஈரமான இடம் வேறு இல்லையென்றால் கிண்ணத்திலேயே முட்டையைப் போட்டுவிடும்.

டப்பா வைத்த பிறகு பார்க்க ஆசையாக இருக்கும், மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். சட்டை உரித்ததிலிருந்து கையில் எடுப்பதையும் நிறுத்திவிடுங்கள். உறவுக்காரப் பசங்களுக்குக் காட்டுவதெல்லாம் அப்புறம்.

மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை. திணிக்கலாமா?

கூடாது. வயிற்றில் இடமில்லை, அதனால் சாப்பிடவில்லை. வழக்கத்தைவிடச் சின்ன எலியாக வாரம் ஒரு முறை காட்டுங்கள். எடுத்தால் எடுக்கட்டும். தண்ணீர் மட்டும் தினமும் புதிதாக இருக்கட்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் என்ன செய்வது? கரண்ட் போனால்?

வளர்ப்பு முறை சொல்லும் வீடியோக்கள் முக்கால்வாசி குளிர் நாட்டுக்காரர்கள் எடுத்தவை. அவர்களுக்கு எப்படிச் சூடாக்குவது என்பது கவலை. நமக்கு எப்படி ஆற வைப்பது என்பது கவலை. கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 28 முதல் 31 டிகிரி போதும், குளிர்ந்த பக்கம் 24 முதல் 27. பால் பைத்தானுக்கு இரண்டு பக்கமும் இரண்டு டிகிரி கூட இருக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை ஹீட் மேட் (தொட்டிக்குச் சூடேற்றும் மின்சாரப் பாய்) இல்லாமலே 36-ஐத் தொடும். 35-ஐத் தாண்டி நீடித்தால் உயிருக்கே ஆபத்து, அதிலும் முட்டை சுமக்கிற பாம்புக்கு.

பங்குனி பிறந்ததும் நான் ஹீட் மேட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவேன். தொட்டியை மேஜையிலிருந்து இறக்கித் தரையில் வைப்பேன், பழைய வீடு என்பதால் தரை சில்லென்று இருக்கும். கரண்ட் போனால் தொட்டியின் மேல் பாதிக்கு மட்டும் ஈரச் சாக்கு. முழுக்க மூடினால் காற்று வராது. ஐஸ் கட்டியை உள்ளே போடாதீர்கள். வேண்டுமானால் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டிக்கு வெளியே சாய்த்து வையுங்கள். ஏசி இருந்தால் அதன் காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஈரப்பதம் வேண்டும் என்று சொன்னார்கள் என்பதற்காகத் தினமும் தண்ணீர் தெளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கடல் காற்றே போதும், உப்பு டப்பாவைத் திறந்தால் கட்டியாக நிற்கிற ஊர் இது. மேலே மேலே தண்ணீர் அடித்தால் வயிற்றுச் செதில் அழுகும். ஈரம் அந்த முட்டை டப்பாவுக்குள் மட்டும் இருந்தால் போதும்.

கொசுவர்த்தி, ஆல் அவுட் வகையறா பாம்பு அறையில் வேண்டாம். மாநகராட்சி கொசுப் புகை வண்டி சத்தம் தெருமுனையில் கேட்டதும் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

முட்டையிட எவ்வளவு நேரம் ஆகும்? எப்போது பயப்பட வேண்டும்?

கார்ன் ஸ்நேக் 10 முதல் 30 முட்டை வரை போடும். சில மணி நேரத்தில் முடிந்துவிடும், சாவகாசமான பாம்பு ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். பால் பைத்தான் போடுவது ஐந்தாறு பெரிய முட்டைகள், சிலது கூடக் குறைய. கடைசி முட்டைக்குப் பிறகு உடம்பு தொளதொளவென்று, காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி ஆகிவிடும். முதுகெலும்பு துருத்தித் தெரியும். அது சரிதான், பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது பாதியில் நிற்கும்போது. போன வருடம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சோழன் 11 முட்டை போட்டான், நிறுத்திவிட்டான். கழிவுத்துளைக்கு ஒரு சாண் மேலே ஒரு மேடு மட்டும் அப்படியே நின்றது. “தானா வந்துரும், ஒரு வாரம் விடு” என்று தெரிந்த ஒருவர் சொன்னார், எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. இரண்டாம் நாள் டப்பாவை விட்டு வெளியே வந்து கோணல் இல்லாமல் நேராகப் படுத்துக் கிடந்தான். இந்த நேரத்தில் பாம்பு நேராக நீட்டிப் படுப்பது நல்ல அறிகுறி இல்லை. மூன்றாம் நாள் வாலடி வீங்கியது. நான்காம் நாள் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

எக்ஸ்ரேயில் ஒரு முட்டை, வேர்க்கடலைத் தோடு மாதிரி இடுப்பு விழுந்து, முட்டைக்குழாயில் மாட்டியிருந்தது. இப்படி மாட்டிய முட்டையை முதல் 48 மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் வயிற்றுத் தோல் வழியாக ஊசி விட்டு உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்துவிடலாம். ஓடு சுருங்கி வெளியே வந்துவிடும். நாள் கடந்தால் உள்ளே இருப்பது கெட்டிப்பட்டுப்போகும். சோழனுக்கு ஊசியில் அரை சிரிஞ்சு கூட வரவில்லை. மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து, முட்டையை எடுத்து, ஐந்து தையல் போட்டார்கள். பாம்புத் தோல் ஆற நம் தோலைவிட நாளாகும். தையல் பிரிக்க ஆறு வாரம் ஆனது. அந்த நான்கு நாளில் மூன்று நாள் என் சோம்பேறித்தனம்.

அதனால் என் கணக்கு இப்போது இதுதான். கடைசி முட்டை வந்து 24 மணி நேரம் ஆகியும் வயிற்றில் மேடு இருந்தால் டாக்டருக்குப் போன். முக்கி முக்கிப் பார்த்தும் ஒரு முட்டைகூட வராவிட்டாலும் அதே. கழிவுத்துளையிலிருந்து சிவப்பாகச் சதை வெளியே தொங்கினால் 24 மணி நேரமெல்லாம் கிடையாது, உடனே கிளம்ப வேண்டும். அந்தச் சதை காயக் கூடாது. மெடிக்கலில் கிடைக்கும் சலைன் நீரில் நனைத்த துணியால் மூடிக்கொண்டு போங்கள். உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.

எந்தப் பாம்புக்கு இது வரும் என்றால், குண்டுப் பாம்புக்கு, அசைய இடமில்லாத சின்னத் தொட்டியில் இருக்கிற பாம்புக்கு, தண்ணீர் குறைந்த பாம்புக்கு, முட்டையிட இடம் கிடைக்காத பாம்புக்கு. சோழன் அப்போது குண்டு.

வயிற்றை மெதுவாகத் தடவி நாமே வெளியே தள்ளினால்?

வேண்டவே வேண்டாம். முட்டைக்குழாய் கிழிந்தால் பாம்பு பிழைப்பது கஷ்டம்.

எங்கே கொண்டு போவது?

நமக்குப் பக்கத்தில் வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903-லிருந்து. தனியார் டாக்டர் என்றால் கிளம்புவதற்கு முன் போன் செய்து “பாம்பு பார்ப்பீங்களா” என்று கேட்டுவிடுங்கள். நாய், பூனை மட்டும் பார்க்கிற நல்ல டாக்டர்களும் பாம்பு என்றதும் கையை எடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். நல்ல நாளிலேயே ஒருவரைக் கண்டுபிடித்து நம்பரை வாங்கி வையுங்கள்.

போகும்போது தலையணை உறையில் பாம்பை விட்டு, வாயை முடிச்சுப் போட்டு, ஓட்டை போட்ட டப்பாவில் வைத்து மூடி எடுத்துப் போங்கள். ஷேர் ஆட்டோ வேண்டாம். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா “இன்னா தம்பி, பிரியாணியா, கமகமன்னு இல்லியே” என்று டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். வியாசர்பாடியிலிருந்து வேப்பேரி வரை எனக்கு மூச்சே வரவில்லை.

முட்டையைப் பாம்பிடமே விட்டு வைக்கலாமா?

கார்ன் ஸ்நேக்குக்கு முட்டையைப் பற்றி அக்கறை கிடையாது. போட்டதும் எழுந்து போய்விடும், எடுத்துவிடுங்கள். புறாவிடம் முட்டையை எடுத்தால் உடனே அடுத்த ஈடு போடும், அதனால் புறாக்காரர்கள் கொஞ்ச நாள் விட்டு வைப்பார்கள். பாம்பில் அந்தக் கணக்கு இல்லை.

பால் பைத்தான் வேறு மாதிரி. முட்டைகளைச் சுற்றிச் சுருண்டுகொண்டு, தலையை மேலே வைத்து, பொரிக்கும் வரை இரண்டு மாதமும் பட்டினி கிடக்கும். கூமுட்டைக்கும் அதே தியாகம்தான். பாவமாக இருந்தாலும் பிரித்துத்தான் ஆக வேண்டும். தலைமேல் ஒரு துண்டைப் போட்டு, சுருளை வாலிலிருந்து மெதுவாகப் பிரித்துத் தூக்குங்கள். அப்புறம் தொட்டியில் உள்ளதையெல்லாம் கொட்டிக் கழுவி, பாம்பையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுங்கள். முட்டை வாசனை மிச்சமிருந்தால் வெறும் தரையைச் சுற்றிக்கொண்டு அடைகாக்கும்.

எடுத்த முட்டைகளை என்ன செய்வது? ஆம்லெட் என்று ஒரு நண்பன் கேட்கிறான்.

நண்பனிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாம்புகளின் குடலில் சால்மோனெல்லா கிருமி சகஜம், கழிவு வெளியே வரும் அதே துளை வழியாகத்தான் முட்டையும் வருகிறது. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். டப்பாவைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. அக்கா மகள் ஒரு முட்டையைப் பென்சில் பாக்சில் வைத்துக்கொள்ளக் கேட்டாள். கொடுக்கவில்லை, போட்டோ எடுத்துக் கொடுத்தேன்.

பேப்பரில் சுற்றி, கவரில் போட்டு, ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்த பிறகு குப்பையில் போடுங்கள். கரு இருந்திருக்குமோ என்ற கடைசிச் சந்தேகமும் அதோடு போய்விடும். எங்கள் வீட்டில் எலிக்கும் முட்டைக்கும் தனி மினி ஃப்ரிட்ஜ், பழசு. இட்லி மாவுக்குப் பக்கத்தில் எலி கவரைப் பார்த்த அன்று அம்மா போட்ட சத்தத்தில் வாங்கியது.

உடைந்த முட்டை தொட்டியில் ஒரு மணி நேரம் இருந்தால் எறும்பு வரிசை கட்டிவிடும். எறும்பு பாம்பையும் கடிக்கும். எறும்புச் சாக்பீஸ் கோடு போடாதீர்கள், அந்த மருந்து பாம்புக்கும் விஷம். தொட்டி ஸ்டாண்டின் நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். பாட்டி காலத்துச் சாப்பாட்டு அலமாரிக்கு வைப்பார்களே, அதே.

பக்கத்து வீட்டில் இது நாக தோஷம், புற்றுக்குக் கொண்டு போய் வை என்கிறார்கள்.

திருவொற்றியூர்க்காரர்களிடம் பாம்பைப் பற்றி அலட்சியமாகப் பேசினால் எடுபடாது. அங்கே மூலவரே புற்று வடிவம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும்தான் கவசம் இல்லாமல் பார்க்க முடியும், படம்பக்க நாதர் என்றே ஒரு பெயர். அதனால் நான் சண்டை போடுவதில்லை. “கோழி கூமுட்டை போட்டா தோஷமா ஆயா?” என்று மட்டும் கேட்பேன். ஆயா யோசித்துவிட்டுச் சிரித்துவிடுவார்.

ஆனால் முட்டையைப் புற்றில் வைக்காதீர்கள். வெளிநாட்டுப் பாம்பின் கிருமியை நம்மூர்ப் பாம்பு இருக்கும் இடத்தில் கொண்டுபோய் விடுவது நல்லதில்லை. பாம்பையும் பால் குடிக்க வைக்க வேண்டாம்.

கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா?

முழு எலியைச் சாப்பிடுகிற பாம்புக்கு எலும்பிலேயே கால்சியம் கிடைக்கிறது. டாக்டர் சொன்னால் மட்டும்.

அடுத்த வருடம் போடாமல் தடுக்க முடியுமா?

முழுதாக முடியாது. குறைக்கப் பார்க்கலாம். பெரியவளான பாம்புக்கு வாரா வாரம் பெரிய எலி கொடுத்துக் கொழுக்க வைப்பதுதான் நாம் எல்லோரும் செய்கிற தவறு. முட்டையிட்ட உடம்பைத் தேற்றிய பிறகு 10, 14 நாளுக்கு ஒரு எலி போதும். முட்டை போட்ட கையோடு தாறுமாறாகத் தீனி கொடுத்தால் கார்ன் ஸ்நேக் அதே வருடத்தில் இரண்டாவது ஈடும் போடும். தெரிந்த ஒருவர் கொளத்தூரில் மாசியில் ஒரு ஈடு, வைகாசியில் ஒரு ஈடு பார்த்தார், பாம்பு நூலாகிவிட்டது. ஆண் துணை தேடிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அப்புறம் 20 குட்டிக்கு வீடு தேட வேண்டும்.

இதெல்லாம் வளர்ப்பதே சட்டப்படி சரிதானா?

சாரை, மண்ணுளி, நம்மூர் மலைப்பாம்பு, எந்த இந்தியப் பாம்பானாலும் வீட்டில் வைக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மழையில் வீட்டுக்குள் வந்த பாம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்யாதீர்கள், தீயணைப்புத் துறைக்குச் செய்யுங்கள். பால் பைத்தான் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் (காட்டு உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022 சட்டத் திருத்தமும் 2024 விதிகளும் வந்த பிறகு அதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும், குட்டி பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும். கார்ன் ஸ்நேக் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. அதற்காக ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். மீனம்பாக்கத்தில் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்த பாம்புகளைச் சுங்கத் துறையினர் பிடிக்கிற செய்தி பேப்பரில் அடிக்கடி வருகிறது. மலிவாகக் கிடைக்கிற பாம்பு எந்த வழியாக வந்தது என்று யோசியுங்கள்.

முட்டை போட்டு எத்தனை நாளில் பழையபடி ஆகும்?

இந்த வருடக் கணக்கைத் தருகிறேன், அப்படியே நோட்டில் இருப்பது. சமையலறைத் தராசு, பாம்புக்கென்றே தனியாக வாங்கியது. முட்டையிடுவதற்கு முன் 520 கிராம். 12 முட்டை போட்ட அன்று 370. இரண்டு நாள் தண்ணீர் மட்டும். மூன்றாம் நாள் ஒரு சின்ன எலி, வழக்கமாகக் கொடுப்பதில் பாதி. உறைந்த எலியை ராத்திரி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து ஐஸ் கரைய விட்டு, காலையில் கவரோடு வெந்நீரில் வைத்துச் சூடேற்றியது. கண் இமைப்பதற்குள் பிடித்தான். ஐந்து நாளுக்கு ஒரு சின்ன எலி என்று நான்கு முறை, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. ஒரு மாதத்தில் 415. இரண்டாம் மாதம் சட்டை உரித்தான், ஒரே துண்டாக, கண்ணை மூடியிருக்கும் செதிலோடு சேர்த்து. 460. ஆடி பிறந்தபோது 495.

அத்தோடு எலியைப் பத்து நாளுக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டேன். அம்மாவுக்கு அதில் உடன்பாடில்லை. “புள்ள பெத்த ஒடம்பு, நல்லா துன்னட்டும்” என்கிறார்.